அசையாத முள்

தேயிலைத் தூள் சலிக்கும் கூடத்தில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அடுப்புப் புகை மேலே போகாமல் உள்ளே திரும்பிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். போன கார்த்திகையில்.

உட்காருங்கள் தம்பி. சாப்பாட்டு நேரம். சங்கு ஊதினால்தான் வாட்ச்மேன் ஃபேக்டரி கேட்டைத் திறப்பான். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், ஈரம். பெஞ்சில் வையுங்கள். டிராஃப்ட் மீட்டர்தானே, சிம்னி இழுவை பார்க்கிறது? டீக்கடைக்காரர் சொன்னார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வந்திருக்கிறீர்கள். வீண் வேலை. பழைய மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. பிரித்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். யார் பார்க்கிறார்கள்.

நான் முத்துவீரன். இந்த ஃபேக்டரி அடுப்பு என் பொறுப்பில் இருந்தது. இப்போது வேறு ஆள். 'ஓய்வெடுங்கண்ணே' என்றார்கள். நான் கேட்டேனா ஓய்வு? எதிரில் இந்தக் கடையில் உட்கார்ந்து சிம்னியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாருங்கள், புகை வெள்ளையாகத் திரண்டு போகிறது. பச்சை விறகைப் போட்டிருக்கிறான். அது கிடக்கட்டும்.

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். நான்தான் அங்கே நின்றவன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். தேயிலை காயச் சூடான காற்று வேண்டும். அந்தச் சூடு அடுப்பிலிருந்து வருகிறது. விறகுப் புகை குழாய்களுக்குள் புகுந்து, சிம்னி வழியாக வெளியே போகும். குழாய்க்கு வெளிப்பக்கம் ஓடும் காற்று சூடாகித் தேயிலைக்குப் போகும். சிம்னி இழுக்க வேண்டும். இழுத்தால் அடுப்புக் கதவைத் திறந்தாலும் புகை வெளியே வராது, நம் பக்கத்துக் காற்றுதான் உள்ளே போகும். ரொம்ப இழுத்தால் சூடு வீண். இழுக்காவிட்டால் புகை நம்மிடம் வரும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தப் புகைப்பாதையில் ஒரு தகடு. சங்கிலியை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். அவ்வளவுதான் அடுப்பு. அதற்கு மேல் பேசுகிறவன் அடுப்படியில் நிற்காதவன்.

முன்னெல்லாம் மீட்டர் கிடையாது. பீடிதான். பற்றவைத்து அடுப்புக் கதவுச் சந்தில் பிடிப்பேன். பீடிப் புகை உள்ளே வளைந்தால் சரி. நேரே மேலே போனால் சரியில்லை. நம் பக்கம் வந்தால் சங்கிலியை இழு. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். பக்கத்தில் நின்று பார்ப்பாள். "அப்பா, அடுப்பு பீடி குடிக்குது" என்பாள். அந்த வயசில் வாய் அதிகம்.

பிறகு நவநீதன் வந்தார். டீமேக்கர். டீ போடுகிறவர் இல்லை தம்பி, சிரிக்காதீர்கள். கொழுந்து உள்ளே போனதிலிருந்து தூளாக வெளியே வருகிறவரை அவர்தான் பொறுப்பு. சின்ன வயசு. நல்ல பிள்ளைதான். வந்ததும் மீட்டர் வாங்கி மாட்டினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணே, முள் இந்தப் பச்சைக் கோட்டுக்குள்ள நிக்கணும். மேல போனா தகட்டைக் கொஞ்சம் மூடுங்க. கீழ வந்தா திறங்க. பீடி வேணாம்."

"பீடி வேணாம்னா எனக்கு வேணாமா, அடுப்புக்கு வேணாமா?"

"ரெண்டு பேருக்கும்தான். அப்புறம் இங்க பாருங்க, பக்கவாட்டுல இந்தச் சின்ன ஓட்டை. இது மீட்டருக்கு மூக்கு மாதிரி. வெளிக்காத்து இது வழியா உள்ள போயாகணும். அதோட ஒப்பிட்டுத்தான் அடுப்புக்குள்ள எவ்வளவு இழுவைன்னு சொல்லும்."

மூக்காம். இரும்புக்கு மூக்கு. சரி என்றேன். படித்தவர்கள் பொருளை விற்க ஏதாவது சொல்வார்கள். உங்களைச் சொல்லவில்லை.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்த மீட்டர் எனக்குப் பிடித்துப்போயிற்று. முள் பொய் சொல்லாது. மேஸ்திரி பொய் சொல்வான், முதலாளி பொய் சொல்வார், முள் சொல்லாது. கதவைத் திறந்தால் விழும். மூடினால் எழும். வெளியே காற்றடித்தால் எகிறும். எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும். அது ஒன்றுதான் எனக்கு எரிச்சல். ஒரு இடத்தில் நில்லேன் சனியனே என்று திட்டுவேன்.

என் மகளுக்குச் சலிக்கும் கூடத்தில் வேலை. நார் பொறுக்குவது. தூளில் கிடக்கும் நாரையும் குச்சியையும் எடுக்க வேண்டும். அவள் மாமியார் அஞ்சலையும் அங்கேதான். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த முக்காலி. கல்யாணமாகிக் குழந்தையில்லாமல் அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். அஞ்சலை நாக்கு அப்படி. என் எதிரிலேயே சொல்லும்.

"அண்ணே, உங்க அடுப்பு அணையாம எரியுது. உங்க மக வயித்துலதான் ஒண்ணும் பத்த மாட்டேங்குது."

"உன் மகன்கிட்ட தீப்பெட்டி இருக்கான்னு கேளு தங்கச்சி" என்றேன். கூடமே சிரித்தது. என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

போன வருஷம் ஆவணியில் உண்டானாள். அஞ்சலை வாய் அன்றோடு மூடியது. கோயிலுக்குப் போய் முடி இறக்கிக்கொண்டு வந்து நின்றது. மொட்டைத் தலையோடு நார் பொறுக்கியது. என் மகள் மேல் ஒரு தூசி விழவிடாது.

மகள் என்னிடம் வந்து, "அப்பா, பீடி வாசனை எனக்குக் குமட்டுது" என்றாள். அன்றைக்கு விட்டேன். இடுப்பிலிருந்த பீடிக்கட்டை அடுப்பிலேயே போட்டேன். அவளுக்காக. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதிக் கொடுக்கவா முடியும்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

மற்ற மெஷின்காரர்கள் எல்லாம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பொட்டு வைப்பார்கள். நான் அப்படி இல்லை. அணைந்த அடுப்புக்கு எதற்குப் பொட்டு? அது பிணம். நான் தீயை நன்றாகக் கிளப்பிவிட்டு, சிம்னி ஓவென்று இழுக்கும்போதுதான் வைப்பேன். பொட்டும் மற்றவர்களுடையது போல் மறுநாள் உதிராது. சந்தனத்தைக் கெட்டியாக அரைத்து, அரிசிமாவுப் பசை கலந்து குழைப்பேன். அடுப்பு வெக்கையில் இறுகிப்போய்க் கல்லாகிவிடும். அடுத்த பூஜை வரை நிற்கும். யாரைவேண்டுமானாலும் கேளுங்கள்.

மீட்டர் வந்ததிலிருந்து மீட்டருக்கும் வைத்துக்கொண்டிருந்தேன், கண்ணாடி நடுவில். முதல் வருஷம் நவநீதன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் சொல்லவில்லை, தானே துடைத்துக்கொண்டார். போன வருஷம் சொல்லிவிட்டார்.

"அண்ணே, கண்ணாடியில அப்பினா முள் எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளி வைங்களேன்."

சரி. டீமேக்கர் சொல். கட்டுப்பட்டேன். பக்கவாட்டில் வைத்தேன். அங்கே வாகாக ஒரு சின்னக் குழி இருந்தது. பொட்டு பிடித்து நிற்கும். கட்டைவிரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். நவநீதன் கண்ணாடியைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "இப்ப சரிண்ணே" என்றார். சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றையிலிருந்து பாருங்கள், முள் ஆடவில்லை.

நம்ப மாட்டீர்கள். ஆணி அடித்தது போல நின்றது. கதவைத் திறந்தாலும் நின்றது. காற்றடித்தாலும் நின்றது. இத்தனை வருஷம் அடுப்போடு மாரடித்ததற்கு அன்றைக்குத்தான் அடுப்பு என் கைக்கு அடங்கியது என்று நினைத்தேன். நவநீதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒரே சீரா எரிக்கிறீங்கண்ணே" என்றார். அவர் வாயால் சொன்னது. இப்போது கேட்டால் ஞாபகமில்லை என்பார்.

முள் பச்சைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மேலே நின்றால் தகட்டை மூட வேண்டும். அதுதானே சட்டம்? சங்கிலியில் ஒரு கண்ணி விட்டேன். முள் இறங்கவில்லை. அவ்வளவு இழுவை. மறுநாள் இன்னொரு கண்ணி. இறங்கவில்லை. இன்னொன்று. தீ சத்தமடங்கிக் கங்காகக் கிடந்தது. விறகு பாதிதான் போயிற்று. முதலாளி வந்து விறகு அட்டியைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "உங்களை மாதிரி ஒரு ஆள் போதும்" என்றார். தூள் மட்டும் கொஞ்சம் ஈரப்பதமாக வருகிறது, மொறுமொறுப்பில்லை என்று நவநீதன் முனகினார். மழைக்காலம். மூடுபனி. அப்பளமே நமுத்துப்போகிற ஊர் இது. தூள் நமுக்காதா?

ஐப்பசி முடிவில் குளிர் இறங்கிவிட்டது. கூடத்து ஜன்னல்களைத் தூளுக்காக மூடியேதான் வைப்பார்கள். பெண்கள் கை விறைத்துப்போய் நார் பொறுக்க முடியாமல் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூடத்துக்கும் அடுப்பறைக்கும் நடுவில் ஒரு இரும்புக் கதவு உண்டு. மூடியே இருக்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கும். எழுதினவனுக்குக் குளிராது. என் மகளுக்குக் குளிரும். வயிற்றில் பிள்ளையோடு நடுங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் கதவை மூடுவான்?

நான்தான் திறந்தேன். என் கையாலேயே அவள் முக்காலியைத் தூக்கிக் கதவோரம் போட்டேன். "இங்க உக்காரு, கதகதன்னு இருக்கும்" என்றேன். அஞ்சலையும் தன் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, பேரப்பிள்ளைக்கு இப்பவே அடுப்படி பழக்குறீங்களா?"

"ஆமா. உன் மகன் மாதிரி குளிர்காயத் தெரியாம வளரக் கூடாதில்ல."

நன்றாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

தலைவலி பிறகு வந்தது. முதலில் என் மகளுக்கு. கர்ப்பிணிக்குத் தலை வலிக்காதா? அப்புறம் அஞ்சலைக்கு. அதற்கு மொட்டையடித்த தலை, பனி இறங்கியிருக்கும். அப்புறம் கதவுப் பக்கம் இருந்த மற்றவர்களுக்கு. ஒருத்தி வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், இவர்களுக்குச் சொன்னால் புரியாது. கண்திருஷ்டி என்று ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வாசலில் கட்டினாள். 

அடுப்புக்குப் பின்னால் ஒரு பூனை படுத்திருக்கும். ஃபேக்டரிப் பூனை. ஒருநாள் காலையில் கிளப்பினேன், எழுந்திருக்கவில்லை. வயசான பூனை. தூக்கி வெளியே போட்டேன். மூக்கும் வாயும் நல்ல செக்கச்செவேலென்று இருந்தன. குட்டிப் பூனைக்குக்கூட அப்படி நிறம் இருக்காது. செத்த பூனைக்கு என்ன இவ்வளவு அழகு என்று நினைத்தேன். அது கிடக்கட்டும்.

அன்றைக்கு மத்தியானம் என் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை எனக்குத் தலை வலிக்கல."

"ஞாயித்துக்கிழமை வேலை இல்ல. எப்படி வலிக்கும்?"

"வீட்டுல துணி துவைச்சேன், தண்ணி தூக்கினேன். வலிக்கல. இங்க வந்து உக்காந்தா வலிக்குது."

"அப்ப உக்காராத. நின்னுக்கிட்டே பொறுக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது விறகு போடக் கதவைத் திறந்திருந்தேன்.

"கதவு திறந்திருக்கு. முள் அசையலையே."

"நல்ல முள் அசையாது."

"முன்னாடி ஆடும்."

"முன்னாடி நான் பீடி குடிச்சேன். இப்ப நிறுத்தல? அது மாதிரிதான். அதுவும் திருந்திடுச்சு. போய் வேலையைப் பாரு."

போய்விட்டாள். பூனை எங்கே என்று போகிறபோது கேட்டாள். சொன்னேன். நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

அவள் நவநீதனிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து மீட்டரைப் பார்த்தார். முள் பச்சைக்கு மேலே, ஜம்மென்று. "இழுவை ஏகப்பட்டது இருக்கும்மா. புகை உள்ள வர வழியே இல்ல" என்றார். மீட்டரைத்தானே அவர் பார்க்க முடியும்? புகையைப் பார்க்க முடியுமா? வெளியே மூடுபனி, உள்ளே தேயிலைத் தூசி, எது புகை என்று யார் கண்டது. கங்கு நெருப்புக்குப் புகையும் கிடையாது, வாசனையும் கிடையாது. டாக்டரம்மாவை வரச் சொன்னார். டாக்டரம்மா எல்லாப் பெண்களின் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் இல்லை என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிற்று.

ரத்தம் இல்லையாம். என் மகள் கன்னம் அந்த வாரம் ரோசாப்பூ மாதிரி இருந்தது. பிள்ளை உண்டானவள் முகத்தில் வரும் களை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

விழுந்த நாள் நல்ல மூடுபனி. பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. சிம்னிப் புகை மேலே ஏறாமல் கூரை மேலேயே படுத்துக்கிடந்தது. காலைத் தேநீர் முடிந்திருக்கும். கூடத்தில் என்னவோ தடுக்கி விழுந்த சத்தம். கூடை என்று நினைத்தேன். இன்னொன்று விழுந்தது. எட்டிப் பார்த்தால் அஞ்சலை தூள் குவியல் மேல் குப்புறக் கிடந்தது. மொட்டைத் தலை முழுக்கத் தூள். இன்னொருத்தி முக்காலியிலிருந்து சரிந்து சுவரில் சாய்ந்திருந்தாள், கண் திறந்தபடி. இன்னும் இரண்டு பேர் தரையில். ஒருத்தரும் கத்தவில்லை தம்பி. அதுதான். கத்தியிருந்தால் ஓடியிருப்பேன். சத்தமே இல்லை. சலிக்கிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் கால் பஞ்சாக இருந்தது. நிற்கிறேனா உட்கார்ந்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

என் மகள் எழுந்து வந்தாள். வெளிவாசல் பக்கம் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பறைக்குள் வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கினாள். அடுப்புக் கதவுச் சந்தில் பிடித்தாள்.

ஊதுபத்திப் புகை உள்ளே போகவில்லை. அவள் முகத்தில் வந்து அடித்தது.

"அப்பா, பாருங்க."

"முள்ளைப் பாரு" என்றேன். முள் பச்சைக்கு மேலே நின்றது. சத்தியமாக நின்றது.

ஊதுபத்தியைக் கீழே போட்டாள். மீட்டரிடம் போனாள். கண்ணாடியைத் தட்டினாள். அசையவில்லை. பக்கவாட்டில் தடவினாள். தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். பொட்டின் மேல் குத்தினாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். யாராக இருந்தாலும் பிடிப்பார்கள். பூஜையில் வைத்த பொட்டு. வயிற்றுப் பிள்ளைக்காரி, ஊக்கால் குத்தி எடுக்கலாமா? "அழிக்காத புள்ள, அபசகுனம்" என்றேன். கெட்டியாகத்தான் பிடித்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை.

"விடுங்கப்பா."

விடவில்லை. கையைக் கடித்தாள். இதோ, இந்த இடம். பெற்ற அப்பன் கையை.

குத்தினாள். பொட்டு ஒரே சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. கல் மாதிரி. சொன்னேனே, என் பொட்டு உதிராது என்று. அது விழுந்ததும் முள் விழுந்தது. பச்சையைத் தாண்டி, சுழியைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்று நடுங்கியது.

பிறகு சங்கிலியில் தொங்கினாள். முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். தகடு கிரீச்சென்று திறந்தது. சிம்னி ஒரு மூச்சு இழுத்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது எனக்கு. இரும்புக் கதவை எட்டி உதைத்து மூடினாள். கூடத்து ஜன்னல்களை நார்க் கூடையாலேயே அடித்து உடைத்தாள். அப்புறம்தான் கத்தினாள். மெஷின் ஆட்கள் ஓடிவந்து எல்லோரையும் கொழுந்து இறக்கும் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அஞ்சலையைத் தூக்கினபோது அது முணுமுணுத்தது, "மருமகளைப் பாருங்கடா, என்னை விடுங்க." அதற்கு அந்த வாய் மட்டும் எப்போதும் சாகாது.

நவநீதன் ஓடிவந்தார். "என்னாச்சு, முள் எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டார். என் மகள் அதற்குள் முந்தானையால் மீட்டரின் பக்கவாட்டை அழுந்தத் துடைத்துவிட்டாள். கீழே கிடந்த சில்லைக் காலால் அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளிவிட்டாள்.

"மீட்டர் நின்னுபோச்சு சார். தட்டினேன், விழுந்துடுச்சு" என்றாள்.

தட்டினதில் விழவில்லை. ஊக்கால் குத்தினதில்தான் விழுந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். "அப்பாவுக்கும் மயக்கமா இருக்கு, வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். ஏன் அப்படிப் பொய் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பொட்டை அழித்தது தெரிந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று பயம் போலிருக்கிறது. சரி, மகள்தானே. நானும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் வெளியூர்.

அதனால்தான் மீட்டர் கெட்டது என்று முடிவு கட்டினார்கள். இந்தப் பெட்டியும் அதனால்தான். எனக்கு ஓய்வும் அதனால்தான். மீட்டரும் கெடவில்லை, நானும் கெடவில்லை. அன்றைக்கு மூடுபனி. பனி இறங்கி சிம்னியை அமுக்கிவிட்டது. அதுதான் காரணம். என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? டீ ஆறுகிறது, குடியுங்கள்.

விழுந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். கோயமுத்தூருக்குக் கொண்டுபோய், ரத்தத்தில் கரிவாயு விஷம் என்று சொல்லி மூக்கில் காற்று வைத்தார்கள். அஞ்சலைக்கு இன்னும் கொஞ்சம் மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறது. திட்டத் தெரிகிறது, அது மறக்கவில்லை.

என் மகளுக்குப் பங்குனியில் பிறந்தது. பெண். அழ நேரமாயிற்று. ஆனால் அழுதது. நல்ல நிறம். முடி நிறைய. என் அம்மா சாடை.

கழுத்து இன்னும் நிற்கவில்லை. தோளில் போட்டால் தலை சரிந்து சரிந்து விழும். பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கைக் காட்டினால் பார்க்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான். நிற்கும். கோயமுத்தூர் டாக்டர், "வயித்துல இருக்கும்போது புகை ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டார். என் மகள் "ஆமா சார்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பவில்லை. இந்த மலையில் யார் வீட்டில் புகை இல்லை? அப்படியென்றால் எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

பேர் வைக்கிற அன்றைக்குப் போனேன். பேத்தி நெற்றியில் ஒரு பொட்டு வைக்கலாம் என்று சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன். வைக்கப் போனேன். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியாக. அஞ்சலை, என் மருமகன், வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "வேணாம்ப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

பொட்டில் என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் வைத்தவன். பொட்டு ஒன்றும் செய்யாது.

இப்போது அவள் வீட்டோடுதான் இருக்கிறேன். சோறு ஒழுங்காகப் போடுகிறாள். வெந்நீர் வைத்துத் தருகிறாள். பேசுவது மட்டும் குறைவு. குழந்தையை என் மடியில் போட மாட்டாள். கேட்டால், "கழுத்து நிக்கட்டும்ப்பா" என்கிறாள்.

அடுத்த வாரம் பூஜை. அடுப்புக்கு வந்திருக்கிற புது ஆள், விவரம் தெரிந்தவன், என்னை வந்து கூப்பிட்டான். "பொட்டு வைக்க நீங்கதாண்ணே வரணும், உங்க கைராசி" என்றான். வருகிறேன் என்றிருக்கிறேன். நேற்று சந்தனக் கல்லைத் தேடினேன், இல்லை. கட்டையைத் தேடினேன், இல்லை. வீட்டில் அரிசிமாவுகூட இல்லை. கேட்டால், "நான்தான் எடுத்துவச்சேன்" என்கிறாள். இந்த மாதம்தான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போனதும் அடுப்பறையில் மீட்டர் பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். பொம்பளைக்கு எதற்கு அடுப்பறை என்று கேட்டேன். "பூஜை அன்னிக்கு மீட்டர் பக்கத்துல நான் நிப்பேன். யார் வந்தாலும் நிப்பேன்" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

உங்கள் புது மீட்டரைக் காட்டுங்கள். பயப்படாதீர்கள், தொட மாட்டேன்.

இதிலும் பக்கவாட்டில் குழி இருக்கிறது. சரி. மூடி வையுங்கள்.

சங்கு ஊதுகிறது. எழுந்திருங்கள். நேரே போனால் அடுப்பறை. அன்றைக்குத் தகட்டைத் திறந்து எல்லோரையும் பிழைக்கவைத்தது யார் என்று உள்ளே கேட்டுப் பாருங்கள். நவநீதன் தான் ஓடிவந்த கதையைச் சொல்வார். முதலாளி டாக்டரைச் சொல்வார். அவர்கள் இல்லை. நானும் இல்லை. அடுப்பறை வாசலில் குழந்தையைத் தோளில் போட்டு, அதன் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். மீட்டரை எங்கே மாட்ட வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். அவள் சொல்கிற இடத்தில் மாட்டுங்கள்.

பேர் தவமணி.